இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்த ஆவணப்படம்?

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டு ஹோலில் வெள்ளிக்கிழமை இரவென்றால் ஆறு பேரும் கூடிவிடுவோம். 83 வயது அம்மம்மா, அப்பா, அம்மா, மனைவி, எட்டு வயது மகள், நான். புட்டும் சம்பலும் முடிந்து, கோப்பைகள் கழுவி, நுளம்புத்திரி கொளுத்தி வைத்த பிறகு ரிவியைப் போடுவோம். தொடர் நாடகத்துக்குப் பதிலாகக் கிழமைக்கு ஒரு ஆவணப்படம் என்று தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. சிலவற்றை இருபது நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறோம். சிலவற்றை இரண்டு தடவை பார்த்திருக்கிறோம்.

இப்போது ஆராவது என்னிடம் "நல்ல ஆவணப்படம் ஒன்று சொல்லு" என்று கேட்டால், "வீட்டில் ஆரோடு இருந்து பார்க்கப்போகிறாய்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். இணையத்தில் கிடைக்கிற பட்டியல்கள் பெரும்பாலும் தனியாகப் பார்க்கிறவருக்கு, அதுவும் ஆங்கிலம் நன்றாக விளங்குகிறவருக்குப் பொருந்துபவை. எங்கள் வீடுகளில் ஒரு ரிவிக்கு முன்னால் மூன்று, நான்கு தலைமுறை இருக்கிறது. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கீழே ஓடுகிற எழுத்தைத் தமிழில் போட்டாலும் அது மறைகிற வேகத்துக்கு அவவின் கண் ஓடாது. மகளுக்கு ஒன்பதரைக்கு நித்திரை வந்துவிடும். நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கும் படம் போய்விடும், மற்றவர்களுக்கும் போய்விடும்.

அப்பாவுக்கு இந்தக் கூட்டமாகப் பார்க்கிற பழக்கம் புதிதில்லை. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாத வருடங்களில் ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை முழுவதும் காசு சேர்த்து விடிய விடியப் படம் பார்த்த கதை அவரிடம் நிறைய இருக்கிறது. மண்ணெண்ணெய் விற்ற விலையில், ஓடுகிற படம் எல்லோருக்கும் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம் என்பார். அந்தச் சட்டத்தைத்தான் நானும் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு படம் இன்னொரு படத்தோடு போட்டியிடும்போது ஹோலில் இருக்கிற ஆறு பேரில் எத்தனை பேரை அது கடைசிவரை பிடித்து வைக்கிறது, அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பேச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வாங்கிய விருது எனக்கு அதற்குப் பிறகுதான்.

கடலா, காடா?

முதலில் பலரும் கேட்கிற இரண்டு படங்கள். இரண்டும் நெட்பிளிக்ஸில் வந்தவை, இரண்டும் ஒஸ்கார் வாங்கியவை, இரண்டிலும் மனிதருக்கும் ஒரு உயிருக்கும் இடையிலான உறவுதான் கதை.

"மை ஒக்டோபஸ் ரீச்சர்" 2020இல் வந்தது, 85 நிமிடம். கிரேக் ஃபொஸ்ரர் என்ற தென்னாபிரிக்கப் படப்பிடிப்பாளர் வேலையால் களைத்து, மனம் சோர்ந்துபோய், சின்ன வயதில் தனக்குப் பழக்கமான கேப் டவுன் கரையோரக் கடலுக்குள் திரும்ப இறங்குகிறார். தண்ணீர் 8, 9 பாகை செல்சியஸ் வரை குளிரும். முதுகில் காற்றுச் சிலிண்டர் இல்லை, உடம்பை மூடும் உடுப்பும் இல்லை. கெல்ப் என்ற பெரிய கடற்பாசி காடாக வளர்ந்திருக்கிற இடத்தில் ஒரு பெண் ஒக்டோபஸைக் கண்டு, ஏறக்குறைய ஒரு வருடம் நாள்தோறும் அதைத் தேடிப் போகிறார்.

தொடங்கி ஐந்து நிமிடத்தில் அம்மம்மா கேட்டா: "உது பேய்க்கணவாயெல்லோ? உதைப் போய் ஆரும் படம் எடுப்பினமே?" ஆனால் அந்த ஒக்டோபஸ் சிப்பிகளையும் கற்களையும் தன் மேல் அள்ளி அப்பிக்கொண்டு ஒரு பந்துபோல் ஒளிந்தபோது அவவும் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டா. சுறா அதன் ஒரு கையைப் பிடுங்கிக்கொண்டு போவதும், அந்தக் கை சிறிது சிறிதாகத் திரும்ப முளைப்பதும், பின்னொரு நாள் துரத்தி வந்த சுறாவின் முதுகிலேயே அது ஏறி இருந்துகொள்வதும் எந்த மொழியும் இல்லாமல் விளங்குகிற காட்சிகள்.

அன்று அப்பாவின் நண்பர் ஒருவரும் வந்திருந்தார். இளமையில் குருநகர்ப் பக்கம் கடலட்டைக்குக் குளித்தவர். படத்தில் ஒக்டோபஸின் பொந்தை ஃபொஸ்ரர் தேடும்போது, "வாசலிலை தின்ற சிப்பி கிடக்கும், அதைப் பார்த்துப் பிடிக்கலாம்" என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூச்சை அடக்கி அந்தக் குளிருக்குள் அவ்வளவு நேரம் நிற்பது லேசான வேலை இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். படத்தை உண்மையாகவே மதிப்பிடத் தெரிந்தவர் அன்று ஹோலில் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

மகளைப் பாதித்தது வேறு. ஒக்டோபஸ் முட்டையிட்டு, இரை தேடாமல் அதைக் காத்து, குஞ்சுகள் வெளிவரும் நேரத்தில் செத்துப்போகிறது. அந்த இனத்தின் பெண்ணுக்கு ஆயுள் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோதான். "அந்த மாமா ஏன் சுறாவைத் துரத்தேல்லை?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கடலின் ஒழுங்கில் கைவைக்கக் கூடாது என்று அவர் நினைத்தார் என்றேன். அவள் ஏற்கவில்லை. அடுத்த நாளும் ஏற்கவில்லை.

இந்தப் படத்தில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று. கதையின் பெரும்பகுதி ஃபொஸ்ரர் கமராவுக்கு முன்னால் இருந்து ஆங்கிலத்தில் சொல்வதாகவே போகிறது. கடலுக்குள் இருக்கும்போது எல்லோரும் படத்துக்குள் இருந்தோம். அவர் கதிரையில் இருந்து பேசும்போது நான் மொழிபெயர்ப்பாளனாகிவிட்டேன்.

"தி எலிபன்ற் விஸ்பரர்ஸ்" 2022இல் வந்தது. 2023 மார்ச்சில் குறும் ஆவணப்படத்துக்கான ஒஸ்காரை வாங்கியது. கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கியது. தமிழ்நாட்டின் முதுமலையில் தெப்பக்காடு யானை முகாமில், தாயை இழந்த ரகு என்ற குட்டியை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும்தான் கதை. அவர்கள் காட்டுநாயக்கர் பழங்குடியைச் சேர்ந்தவர்கள். பிறகு அம்மு என்ற இன்னொரு குட்டியும் வந்து சேர்கிறது. பெள்ளி கணவனைப் புலிக்கும் மகளைச் சாவுக்கும் கொடுத்தவர். யானைக்குட்டிகளை வளர்த்துக்கொண்டே இருவரும் ஒருவருக்கொருவர் துணையாகி, படத்திலேயே கலியாணமும் நடக்கிறது.

ஒரு நிமிடம்கூட நான் வாய் திறக்க வேண்டி வரவில்லை. "உவையள் எங்கட பாஷையெல்லோ கதைக்கினம்!" என்று அம்மம்மா சந்தோஷப்பட்டா. உச்சரிப்பு வேறு, சில சொற்கள் பிடிபடவில்லை, ஆனாலும் விளங்கியது. ரகுவுக்குப் பெள்ளி சோற்று உருண்டை ஊட்டுவதும், அவன் வேண்டாததைத் துப்புவதும், அவர் பேசுவதும் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சோறு தீத்துவதுபோலவே இருந்தது. 41 நிமிடம்தான். மகள் நித்திரைக்குப் போக முன்னர் முடிந்துவிட்டது. ரகு வளர்ந்ததும் அவனை வேறு ஒரு பாகனிடம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் அம்மா அழுதுவிட்டா.

இன்னொரு நாள் முல்லைத்தீவுப் பக்கம் வயல் செய்கிற சித்தப்பா வந்தபோது இதே படத்தைத் திரும்பப் போட்டோம். வன்னியில் யானை இறங்கி ஒரே இரவில் வயலை மிதித்துவிட்டுப் போவதைக் கண்ணால் கண்டவர். ரகுவின் தாய் மின்சாரம் தாக்கிச் செத்தது என்று வருகிற இடத்தில் நிமிர்ந்து இருந்தார். "அந்தக் கம்பி கட்டினவன்ரை கதையையும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்றார். அதுதான் இந்தப் படத்தின் குறை. காட்டுக்குள் இருக்கிற அன்பை அழகாகக் காட்டுகிறது. காட்டின் விளிம்பில் வயலோடு இருப்பவனின் பயத்தை ஒரு வரியில் கடந்துபோகிறது.

சரி, இரண்டில் எது? வீட்டில் முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால், இதுவரை ஆவணப்படமே பார்க்காத வீடு என்றால், யானைப் படத்தில் தொடங்குங்கள். தனியாகவோ, ஆங்கிலம் படிக்கிற ஒரு பிள்ளையோடு இருந்தோ பார்ப்பதென்றால் ஒக்டோபஸ் இன்னும் ஆழமாகப் போகும். நான் தனியே இருக்கிற இரவில் திரும்பப் போடுவது ஒக்டோபஸைத்தான்.

பாறையும் சந்திரனும்

இரண்டாவது சோடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் தீர்ப்பு உடனேயே வந்துவிட்டது. "ஃப்ரீ சோலோ" 2018இல் வந்தது. அலெக்ஸ் ஹொனோல்ட் என்ற அமெரிக்கர் 2017 ஜூன் 3ஆம் திகதி, கலிபோர்னியாவின் யொசமிற்றியில் ஏறத்தாழ 900 மீற்றர் உயரமான எல் கப்பிற்றான் பாறையைக் கயிறு இல்லாமல் தனியாக 3 மணி 56 நிமிடத்தில் ஏறுகிறார். "அப்பலோ 11" 2019இல் வந்தது. சந்திரனில் மனிதன் இறங்கி ஐம்பது வருடமானதை ஒட்டி, 1969இல் எடுத்த பழைய படச்சுருள்களையும் ஒலிப்பதிவுகளையும் மட்டும் வைத்துச் செய்தது. பின்னணிக் குரல் இல்லை, பின்னாளில் எடுத்த நேர்காணலும் இல்லை.

ஹொனோல்டின் கைவிரல் பாறை வெடிப்பில் இருக்கும்போது அம்மம்மா கண்ணை மூடி "முருகா" என்றா. படமெடுக்கிற குழுவில் ஒருவரே பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது நடிப்பில்லை என்பது அவருடைய முதுகிலேயே தெரியும். ஒரு சொல் விளங்காமலே ஆறு பேரும் பார்த்து முடித்தோம். அப்பலோ படத்தில் அப்பாவும் நானும் மட்டுமே மிஞ்சினோம். கட்டுப்பாட்டு அறையின் பேச்சு முழுவதும் ஆங்கிலச் சுருக்கச் சொற்கள், ஆங்கில எண்கள். பெரிய படச்சுருளில் எடுத்த ரொக்கற் புறப்பாடு மட்டும் பெரிய திரையில் பார்த்தால் மயிர்க்கூச்செறியும். விஞ்ஞானம் படிக்கிற உயர்தரப் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் காட்டுங்கள். மற்றபடி வீட்டுக்குப் பாறைதான்.

நம் தீவு, இரண்டு விதமாக

மூன்றாவது சோடி வெள்ளிக்கிழமைக்கு உரியதில்லை. அவற்றை மகள் நித்திரையான பிறகு, அப்பாவோடு இருந்து பார்த்தேன்.

"சோங் ஒஃப் சிலோன்" 1934இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கியவர் பசில் றைற், தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். இலங்கைத் தேயிலையைப் பரப்புவதற்கான சபை பணம் கொடுத்து எடுப்பித்தது. அப்படி இருந்தும் அதை விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கொழும்புப் படக்கலைஞர் லயனல் வென்ற் தன் குரலில், கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வரிகளை வாசிக்கிறார். புத்தர், கன்னித்தீவு, வியாபாரத்தின் குரல்கள், கடவுளின் ஆடை என்று நான்கு பகுதியாகப் போகிறது. வியாபாரத்தைப் பற்றிய பகுதியில், வேலை செய்யும் மனிதரின் உருவத்துக்கு மேலே விலையும் கப்பலும் சரக்கும் பேசுகிற குரல்கள் ஒன்றோடொன்று மோதிக் கேட்கின்றன. படத்துக்கும் ஒலிக்கும் இடையில் இப்படி ஒரு வழக்கை 1934இலேயே வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே பார்க்கலாம். ஆனால் படத்தின் தீவு பெரும்பாலும் மலைநாடும் சிங்களக் கிராமங்களும்தான். அப்பா கடைசிவரை பனைமரம் ஒன்று வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியும் நினைவுகள்" 2008இல் சோமீதரன் எடுத்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றியது. 1930களின் தொடக்கத்தில் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பிடம் வளர்ந்து நகரத்தின் நூலகமானது. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் 97,000 அளவிலான நூல்களும், திரும்ப எங்கும் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் போயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகள், சம்பத்திரிசியார் கல்லூரியில் இருந்து அந்தத் தீயைக் கண்டு அதிர்ச்சியில் உயிர்விட்டார் என்பதை எங்கள் ஊரில் தெரியாதவர் குறைவு.

அப்பாவுக்கு அப்போது பதினான்கு வயது. படம் ஓடும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. முடிந்து கனநேரம் கழித்து, சில நாட்களுக்குப் பிறகு தமையனோடு சைக்கிளில் போய் வேலிக்கு வெளியில் நின்று பார்த்ததைச் சொன்னார். அவருடைய கையில் அப்போது நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகம் ஒன்று இருந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். பிறகு வந்த இடம்பெயர்வு ஒன்றில் அதுவும் போய்விட்டது. இதை 33 வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கிற நான் அன்றுதான் கேட்டேன்.

சினிமாவாக எடுத்து நிறுத்தால் சோங் ஒஃப் சிலோன்தான் மேலே நிற்கும். வெட்டு, ஒலி, சட்டகம் எல்லாவற்றிலும் அது ஒரு பாடம். வீட்டில் பார்ப்பதற்கு என்றால் எனக்குச் சந்தேகம் இல்லை, எரியும் நினைவுகள்தான். ஒரு எச்சரிக்கை மட்டும். அதைப் பார்க்கிற இரவில் வேறு எதையும் பார்க்க வேண்டாம். பக்கத்தில் அந்தக் காலத்தைக் கண்ட ஒருவரை இருத்திக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் எழும்பிப் போய் லைற்றைப் போடாதீர்கள்.

சொல்லித் தருகிற குரலும், சும்மா இருக்கிற கமராவும்

கடைசிச் சோடிதான் எனக்கு முக்கியமானது.

"அவர் பிளனற்" (Our Planet) 2019இல் வந்த இயற்கை ஆவணத் தொடர். எட்டுப் பகுதி, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. டேவிட் அற்றன்பரோவின் குரல். நெட்பிளிக்ஸ் 2020இல் இதை யூரியூபிலும் இலவசமாகப் போட்டது. பணம் கட்டாத வீட்டுக்கு இது பெரிய உதவி. இயற்கையை இதைவிட அழகாகப் படம் பிடிக்க முடியுமா என்று தோன்றும். அற்றன்பரோவின் ஆங்கிலம் நிதானமானது, தெளிவானது. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலம் கேட்டுப் பழக நல்ல வழி என்று ஒரு ஆசிரியையிடமும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் பகுதியில் வால்ரஸ் என்ற, நீண்ட தந்தமுள்ள பெரிய கடல் விலங்குகள் வரும். கடற்பனி குறைந்ததால் ஓய்வெடுக்க இடமில்லாமல், ரஷ்யாவின் வடகிழக்குக் கரையொன்றில் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து ஏறுகின்றன. கூட்ட நெரிசலுக்குத் தப்பிச் சில ஏறத்தாழ 80 மீற்றர் செங்குத்துக்கு ஏறிவிடுகின்றன. தண்ணீருக்கு வெளியே அவற்றுக்குக் கண் மங்கல். கீழே கடலில் மற்றவற்றின் சத்தம் கேட்டு இறங்கப்போய் விழுகின்றன. மகள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்தப் பகுதியைச் சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் முதலில் தாங்கள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் இந்த வகைப் படங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, நாங்கள் என்ன நினைக்க வேண்டும் என்பதை எல்லாம் குரல் சொல்லிவிடுகிறது. இசையும் சேர்ந்து சொல்லிவிடுகிறது. தூரத்தில் இருந்து நீண்ட லென்ஸில் எடுக்கிறபோது விலங்கின் காலடிச் சத்தம் பதிவாகாது, அதைப் பிறகு ஒலிக்கூடத்தில்தான் செய்து சேர்ப்பார்கள். அதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் குரலை எடுத்துவிட்டால் ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவுக்கு அழகான துண்டுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் தொடர்பு அந்தக் குரலுக்குள் இருக்கிறது. எட்டில் மூன்று பகுதிக்குப் பிறகு அவ, "வடிவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டா.

"ஹனிலாண்ட்" அதற்கு நேர் எதிர். 2019இல் வந்த வட மசிடோனியப் படம். இயக்கியவர்கள் தமாரா கொற்றெவ்ஸ்கா, லியுபொமிர் ஸ்ரெபானொவ். ஆள் போய்விட்ட மலைக் கிராமம் ஒன்றில், மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, ஹற்றிஜே என்ற ஐம்பது கடந்த பெண் படுத்த படுக்கையாக இருக்கிற தாயைப் பார்த்துக்கொண்டு தேன் எடுக்கிறா. மூன்று வருடம் போய் வந்து, 400 மணித்தியாலத்துக்கு மேல் படமெடுத்து, ஒன்றரை மணித்தியாலமாகச் சுருக்கியிருக்கிறார்கள். 2020 ஒஸ்காரில் சிறந்த ஆவணப்படம், சிறந்த சர்வதேசப் படம் என்று இரண்டு பிரிவிலும் பரிந்துரைக்கப்பட்ட முதல் படம் இதுதான். இரண்டிலும் பரிசு கிடைக்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

இதில் பின்னணிக் குரல் கிடையாது, நேர்காணல் கிடையாது. ஹற்றிஜேயும் தாயும் பேசுவது ஒரு துருக்கி வட்டார வழக்கு. இயக்குநர்களுக்கே அது விளங்காது. அதனால் முதலில் பேச்சை விட்டு, உருவங்களை மட்டும் பார்த்துப் படத்தைக் கோத்திருக்கிறார்கள். இதை வாசித்த பிறகுதான் எங்கள் ஹோலில் அன்று நடந்தது எனக்கு விளங்கியது. மொழி தெரியாதவர்கள் கோத்த படத்தை மொழி தெரியாத அம்மம்மா பார்த்தா. அவவுக்கு ஒன்றும் தவறவில்லை.

முதல் காட்சியில் ஹற்றிஜே மலை விளிம்பில் நடந்து போய், பாறைச் சுவரில் ஒரு கல்லை நகர்த்தி, உள்ளே இருக்கிற தேன்வதையை வெறுங்கையால் எடுக்கிறா. "பாதி உங்களுக்கு, பாதி எனக்கு" என்பது அவ தேனீக்களோடு வைத்திருக்கிற கணக்கு. பிறகு பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து குடியேறுகிறது. ஏழு பிள்ளைகள், மாடுகள், வண்டி. அவ அவர்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக் கொடுக்கிறா. அந்தக் குடும்பத்துத் தகப்பனுக்குப் பிள்ளைகளின் பசி ஒருபக்கம், வந்து நெருக்குகிற வியாபாரி மறுபக்கம். கூட்டில் விட்டுவைக்க வேண்டிய பாதியையும் எடுத்து விற்கிறார். தேன் இல்லாத கூட்டின் ஈக்கள் பக்கத்துக் கூட்டைக் கொள்ளையிடப் போகும், அது தேனீக்களின் இயல்பு. ஹற்றிஜேயின் ஈக்கள் செத்துப்போகின்றன.

அம்மம்மாவுக்கு இந்தக் கதை எந்த விளக்கமும் இல்லாமல் விளங்கியது. அந்தத் தகப்பன் கடைசித் தேன்வதையையும் எடுக்கிறபோது, "விடு மோனை, அதுகளும் சீவிக்க வேணும்" என்று ரிவியைப் பார்த்துச் சொன்னா. ஹற்றிஜே நகரத்துச் சந்தைக்குத் தேன் கொண்டுபோய் விலை பேசி, திரும்பும்போது தாய்க்கு வாழைப்பழமும் தனக்குத் தலைமுடிச் சாயமும் வாங்கிவருகிறா. அந்தச் சாயத்தைக் கண்டதும் அம்மாவும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என்ன பார்வை என்று நான் கேட்கவில்லை.

அந்த வீட்டின் இருட்டில் ஒரு சிறு விளக்கு வெளிச்சத்தில் தாயும் மகளும் பேசுகிற காட்சி நீண்டு போகும். செயற்கை ஒளி சேர்க்காமல் எடுத்தது. இருட்டு என்று ரிவியின் வெளிச்சத்தைக் கூட்டப் போனேன். அப்பா தடுத்தார். மின்சாரம் இல்லாத வருடங்களில் எங்கள் வீடுகளில் எரிந்த ஜாம் போத்தல் விளக்குக்குக் கீழே எல்லாம் இப்படித்தான் தெரிந்தது என்றார். ஒரு துளி மண்ணெண்ணெயை இரவு முழுக்க இழுப்பதற்கு எவ்வளவு பஞ்சு, எவ்வளவு திரி என்று மகளுக்குக் கையால் காட்டினார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. இடையில் யாரும் பேசக் கூடாது என்று சொல்லப்படுகிற படங்களும் உண்டு. இது அப்படியில்லை, நாங்கள் பேசுவதற்கு இடம் விட்டது.

குறை இல்லையா? உண்டு. மெதுவாகப் போகிற படம். முதல் இருபது நிமிடம் மகள் நெளிந்தாள். கன்றுகள் சாகிற இடம், தாயின் முடிவு, இரண்டும் கனமானவை. களைத்துப்போன நாளில் இதைப் போட வேண்டாம். அழகும் ஆறுதலும் தேவைப்படுகிற இரவுக்கு அவர் பிளனற்றே சரி. அதன் முதல் பகுதியை எந்த வீட்டிலும் போடலாம். ஆனால் ஒரே ஒரு ஆவணப்படம்தான் சொல்லலாம் என்று என்னை யாராவது கட்டிப்போட்டால், ஹனிலாண்டைத்தான் சொல்வேன். வெறும் தொலைபேசித் திரையில் தனியாகப் பார்க்காதீர்கள். ஹோலில், பெரியவர்களோடு, லைற்றை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

பார்த்து மூன்று மாதம் இருக்கும். ஒரு காலை, வன்னித் தேன் விற்கிறவர் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். அம்மம்மா ஒரு போத்தல் வாங்கினா. மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "கூட்டிலை மிச்சம் விட்டுத்தான் எடுத்தனீங்களோ?" என்று அவரிடம் கேட்டா. அவர் சிரித்துக்கொண்டு, விடாவிட்டால் வாற வருஷம் தனக்கு என்ன இருக்கும் என்றார். அவர் போன பிறகு அம்மம்மா என் பக்கம் திரும்பினா.

"அந்தத் தேன்காரப் பிள்ளை இப்ப எங்கை இருக்கிறா? தாயும் போட்டுது. தனிய அந்த மலையிலையோ?"

படம் எடுத்தவர்கள் சேர்ந்து பக்கத்தில் உள்ள, ஆட்கள் இருக்கிற ஊரில் அவவுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"கரண்ட் இருக்கோ?"

"ஓம் அம்மம்மா, இருக்கு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தேன்போத்தலை அலுமாரிக்குள் கொண்டுபோய் வைத்தா.